வயிற்றில் ஒரு வாசல்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

போன்ல பேசினா நீ பாதியில ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுவே. ஜெபத்தை நடுவுல நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனாலதான் நீ கூப்பிட்டாலும் எடுக்காம இதை எழுதறேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உன் ஜெபக்குழு வேன் பிடிச்சு என் வீட்டுக்கு வந்துச்சு. விடுதிப் பிள்ளைங்களை விட்டுட்டு உன்னால வர முடியலையாம். முன்னால வந்தது உங்க தலைவி. அவங்களுக்கு நான் மைக் அம்மான்னு பேர் வச்சிருக்கேன். எங்க வீட்டு முன்னறையில நாலு பேர் உட்கார்ந்தா அஞ்சாவது ஆள் நிக்கணும். அங்கேயும் மேடையில பேசற சத்தத்துலதான் பேசினாங்க. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டே, "பிரதர், உங்க பாடு எங்க பாடு"ன்னாங்க. என் பாடு அவங்க பாடுன்னா, நாத்தம் மட்டும் எப்படி எனக்கே எனக்குன்னு ஆச்சு?

கூட வந்த ஒரு ஆள் என் வயித்துல ஒட்டியிருக்கிற பையைப் பார்க்கணும்னு கேட்டார். பார்த்தாத்தான் மனசுல பாரம் வந்து உருக்கமா ஜெபிக்க முடியுமாம். மாட்டேன்னேன். உடனே மைக் அம்மா சட்டைக்கு மேலயே ஜெபம் பண்ணின எண்ணெயை ஊத்தித் தேய்ச்சாங்க. எண்ணெய் பட்டா பையை ஒட்டற பசை பிடிக்காது அக்கா. அவங்க வேன் தெருமுனை திரும்பறதுக்குள்ள பை கழண்டு, வேட்டி, நாற்காலி, தரை எல்லாம் போச்சு. என் வீட்டுக்காரி பினாயில் ஊத்தித் துடைச்சா. சுவரைப் பார்த்துக்கிட்டு நான் நின்னேன். அவ முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்ல.

இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் கேட்கவே வேண்டியதில்ல. குடல்ல கட்டி வந்து எடுத்ததையும், டாக்டர் வயித்துல ஒரு வாசல் வச்சு விட்டதையும், மலம் அது வழியா ஒரு பையில வந்து விழறதையும் நீ ஜெபக் கூடுகையில மைக்ல சொல்லியிருக்கே. போன வாரம் கடைக்கு வந்த ஒருத்தர் கண்ணாடி ஃப்ரேமைப் பார்க்கவே இல்ல. என் வயித்தையே பார்த்துக்கிட்டிருந்தார்.

என் தொழில் என்னன்னு உனக்குத் தெரியும். கண் பரிசோதிக்கிற இருட்டறையில, வர்றவங்க முட்டியும் என் முட்டியும் இடிக்கிற அளவு நெருங்கி உட்கார்ந்து, "இது தெளிவா, அது தெளிவா"ன்னு லென்ஸ் மாத்தணும். ஒரு அம்மா எழுத்தை வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க, திடீர்னு மூச்சை அடக்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எல்லா லென்ஸும் தெளிவுன்னாங்க. சீக்கிரம் வெளியே போனா போதும் அவங்களுக்கு. அவங்களைக் குத்தம் சொல்லல. எனக்கே என் பக்கத்துல உட்காரப் பிடிக்கல.

கோயிலுக்குப் போறதையும் விட்டுட்டேன். எல்லாரும் மௌனமா இருக்கிற நேரம் பார்த்துத்தான் இந்த வயித்து வாசல் சத்தம் போடும். முன் வரிசைப் பொம்பளை குழந்தையைத் தூக்கிக்கிட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க.

ஆறுதல் வேண்டாம். யாரையும் அனுப்பாதே.

தம்பி

பிப்ரவரி 14

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு அக்கா எழுதுவது,

உன் கடிதத்தை வாசிச்சு அழுதேன், அப்புறம் கோபம் வந்தது. உனக்காக வேன் எடுத்துக்கிட்டு வந்தவங்களை இப்படியா எழுதுவே? எண்ணெய் விஷயம் அவங்களுக்குத் தெரியாது. தெரியாம செஞ்சதுக்கு மன்னிப்பு இல்லையா?

மைக்ல சொன்னேன், உண்மைதான். பெருமைக்குச் சொல்லல. நூறு பேர் முழங்கால் போட்டா பரலோகத்துல கேட்கும்னு நம்பித்தான் சொன்னேன். டாக்டர் மூட முடியாதுன்னு சொல்லட்டும். உன் வயித்துல இருக்கிற அந்த வாசலைக் கர்த்தர் மூடுவார். நான் விசுவாசிக்கிறேன்.

நீ சிரிப்பே. சிரிச்சுக்கோ. உன் மாமா என்னை விட்டுட்டு அந்தத் தையல்காரி வீட்டுக்குக் குடி போனப்போ, தெருவே என் வாசல்ல வந்து நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? ஆறுதல் சொல்ல வந்தவங்க எல்லாம் கதை கேட்கத்தான் வந்தாங்க. மத்தியான நேரத்துல கோயில் கதவு திறந்திருக்கும், ஃபேன் ஓடும், உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அங்கே போய் உட்காருவேன். ஜெபம்கூட வராது. என்ன ஆச்சுன்னு கேட்காத ஒருத்தர் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும். அது இல்லேன்னா நான் கிணத்துல விழுந்திருப்பேன். இன்னைக்கு நாப்பது பெண் பிள்ளைங்களுக்கு வார்டனா நிக்கிறேன்னா அதனாலதான். அதை உனக்கும் கொடுக்கணும்னு நினைச்சது தப்பா?

உன்னைப் பிடிச்சிருக்கிறது வியாதி மட்டும் இல்ல, அருவருப்பு. அது பிசாசு கொடுக்கிறது. நம்ம அம்மா வேலைக்குப் போனப்போ உன் பீயை அள்ளினவ நான். இப்போ என்ன புதுசா வெட்கம்? மாசக் கடைசியில லீவு போட்டுட்டு வரேன். என் கையாலேயே உன் பையை மாத்துவேன். உன் பொண்டாட்டியும் கொஞ்சம் உட்காரட்டும், பாவம்.

தோத்திரத்தோடு,
அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

நீ வந்துட்டுப் போன விஷயத்தை எழுதவே கூடாதுன்னு இருந்தேன். நேத்து ஒருத்தன் கடைக்கு வந்து போனை நீட்டினான். "இது உங்க அக்கா தானே?" எழுதாம முடியல.

முதல்ல நடந்ததை நடந்தபடி சொல்றேன். சாப்பாட்டு மேஜையில நீ கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தே. நீளமான ஜெபம். சோறு ஆறிப்போச்சு. பை நிறைஞ்சு ஓரம் விட்டுப்போனதை நான் சொல்லியிருக்கணும். ஆமென் வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். ஆமென் வரல, அது வந்துடுச்சு. நீ கண்ணைத் திறந்தே. உன் முகத்தை நான் பார்த்தேன் அக்கா. கரப்பான் பூச்சி வாயில போனவ முகம். கை கழுவற தொட்டிக்கு ஓடினே. வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. குழாயைத் திறந்து விட்டும் கேட்டுச்சு. என் வீட்டுக்காரி வழக்கம்போல வந்து எல்லாத்தையும் செஞ்சா. காலையில நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள, விடுதியில அவசரம்னு அவகிட்ட சொல்லிட்டுப் போயிட்டே.

அதுக்கு நான் கோபப்படல. நம்பு. எனக்கே குமட்டுது, உனக்குக் குமட்டாதா?

ஆனா அந்த போன்ல ஓடின படத்துல நீ மேடையில நிக்கிறே. வெள்ளைச் சேலை. "என் தம்பியின் நாறிப்போன சரீரத்தை என் கைகளாலே கழுவும் கிருபையைக் கர்த்தர் எனக்குத் தந்தார், எனக்குக் கொஞ்சமும் அருவருப்பு வரவில்லை"ன்னு சொல்றே. கூட்டம் கை தட்டுது. மைக் அம்மா உன்னைக் கட்டிப் பிடிக்கிறாங்க. உன் கண்ணுல தண்ணி வேற.

என் உடம்புல வர்றது தோலோட போயிடும், கழுவினா போகும். அந்தப் படத்தைப் பார்த்ததுல வந்தது போகல. காலையிலிருந்து வாயெல்லாம் கசப்பு. நீ என்னை விட்டு ஓடினே, சரி. ஓடினவ என்னையே தூக்கிக்கிட்டுப் போய் மேடையில வித்தது ஏன்? நாறுதுன்னு நீ விட்டுட்டு ஓடின தம்பியை வச்சே உனக்கு மாலை போட்டுக்கிட்டியே.

இனி எழுதாதே. எழுதினாலும் கடவுளைப் பத்தி எழுதாதே. அவரு பேரைக் கேட்டா உங்க எண்ணெய் வாசனைதான் வருது.

தம்பி

மே 6

தம்பிக்கு,

எழுதாதேன்னு சொன்னே. ஒரு தடவை மட்டும் எழுதறேன். கிழிச்சுப் போட்டாலும் சரி.

நீ எழுதினது எல்லாம் உண்மை. ஒரு சொல் கூடக் குறைச்சுச் சொல்லுன்னு கேட்க முடியல. மேடையில ஏறினப்போ பொய் சொல்லணும்னு நினைக்கல. "தம்பியைப் பார்த்துட்டு வந்தேன்"னு ஆரம்பிச்சேன். எல்லார் முகமும் மேல சொல்லு, மேல சொல்லுன்னு பார்த்துது. வாய் தானா போயிடுச்சு. கை தட்டினப்போ உண்மையிலேயே நான் உன்னைக் கழுவினேன்னு எனக்கே தோணிச்சு. அதுதான் பயமா இருக்கு.

அதுக்கப்புறம் ஜெபம் பண்ண வரல. முழங்கால் போட்டா நான் சொன்ன பொய்தான் எனக்குக் கேட்குது. விடுதியில குளியலறைச் சாக்கடை அடைச்சுக்கிட்டது. ஆள் வரல, நானே கையை விட்டு எடுத்தேன். பிள்ளைங்க முடி, சோப்பு, அழுக்கு எல்லாம் உருண்டையா வந்தது. எனக்கு ஒண்ணும் ஆகல. யாரோட அழுக்கையோ எடுக்க முடியுது, கூடப் பிறந்தவன் கிட்ட நிக்க முடியலையேன்னு அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

கடவுளைப் பத்தி எழுதாதேன்னே. இதை எழுதாம இருக்க முடியல, மன்னிச்சுக்கோ. செத்துக் கல்லறையில கிடந்த ஒருத்தனைக் கர்த்தர் எழுப்பின கதை உனக்கும் தெரியும். கல்லறையை மூடியிருந்த கல்லை எடுங்கன்னு அவர் சொன்னப்போ, செத்தவனோட அக்கா என்ன சொன்னா? நாள் ஆச்சு, இப்போ நாறும்னு சொன்னா. இத்தனை வருஷம் அதை நான் அவிசுவாசம்னுதான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். போன வாரம் வாசிச்சப்போதான் தெரிஞ்சுது, அங்கே இருந்தவங்கள்ல உண்மையைச் சொன்னது அவ ஒருத்திதான். அவர் அவளை விரட்டல. நாறாதுன்னும் சொல்லல. நாத்தத்தோடயே கல்லை எடுக்க வச்சார்.

அதை வாசிச்சப்புறம்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துது. போன ஞாயித்துக்கிழமை மைக்கைக் கேட்டு வாங்கி, "நான் சொன்னது பொய். நான் என் தம்பியைத் தொடல. வாந்தி எடுத்துட்டு ஓடி வந்துட்டேன்"னு சொன்னேன். யாரும் கை தட்டல. தலைவி மைக்கை வாங்கிட்டு உடனே பாட்டைத் தொடங்கிட்டாங்க. இப்போ ஜெபக்குழுவுல எனக்கு இடம் இல்ல. கடைசி பெஞ்சுல உட்காரறேன். யாரும் பக்கத்துல வர்றதில்ல.

நீ பதில் போட வேண்டாம்.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

பதில் போடக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்போ வேற வழியில்ல, எழுதறேன். கேட்கவே கேவலமா இருக்கு, ஆனா கேட்டுத்தான் ஆகணும்.

என் வீட்டுக்காரி குளியலறையைக் கழுவறப்போ வழுக்கி விழுந்துட்டா. வலது மணிக்கட்டு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. யாரோட அசிங்கத்தைக் கழுவப் போய் விழுந்தான்னு நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. நானே மாத்திக்கலாமேன்னு நீ நினைப்பே. கட்டிக்கு ஏத்தின மருந்துல என் விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. ஃப்ரேம்ல போடற சின்னத் திருகாணி கையில இருக்கா விழுந்துதான்னே தெரியல. அந்தப் பசை ஓரத்தைப் பிரிக்கவும் ஒட்டவும் என்னால முடியாது. மருத்துவமனை நர்ஸம்மா ஒருத்தங்க வந்து செய்யறாங்க. அவங்களும் அடுத்த வாரம் லீவுல போறாங்க.

இன்னொண்ணு. கட்டுப் போட்ட கையோட அவ கோயிலுக்குப் போயே ஆகணும்னு நின்னா. ஒரு கையால பஸ்ல ஏற முடியாது. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். வாசல்லயே நின்னுடலாம்னு இருந்தேன். நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் முன்னால போறப்போ, அவளுக்கு முழங்கால் போட என் தோள் வேண்டியிருந்துச்சு. அப்படியே நானும் பீடத்துக்கு முன்னால இருக்கிற கம்பிக்குப் பக்கத்துல முழங்கால் போட்டாச்சு. போதகர் அப்பத்தைக் கொண்டு வந்து, உங்களுக்காகப் பிட்கப்பட்ட சரீரம்னு சொல்லி நீட்டறார். சரியா அந்த நேரத்துல பை சத்தம் போட்டுச்சு. கோயில் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்துல இருந்தவர் நகர்ந்தார். போதகர் கை நின்னுடுச்சு.

எழுந்து ஓடியிருப்பேன். அவ என் தோளை விடல. குனிஞ்சு கம்பியைப் பார்த்துக்கிட்டே இருந்தப்போ ஒண்ணு தோணிச்சு. சிலுவையில செத்து உயிரோட எழுந்து வந்த பிறகும் ஆண்டவருக்கு விலாவுல ஈட்டி குத்தின ஓட்டை அப்படியே இருந்துச்சு. மூடிக்கிட்டு வந்திருக்கலாம். யாரு வேண்டாம்னாங்க? மூடாம வந்து, நம்பாத சிநேகிதன்கிட்ட கையை உள்ள விட்டுப் பாருன்னு காட்டினாரு. அவன் விட்டானா, விட்டுட்டுக் கையைக் கழுவினானா, ஒருத்தரும் சொல்லல. நீயும் உன் ஆளுங்களும் என் வாசல் மூடணும்னு அத்தனை ஜெபம் பண்ணினீங்க. அவருக்கே மூடல அக்கா.

வாயைத் திறந்தேன். போதகர் அப்பத்தை வச்சார். அவர் மூச்சை அடக்கியிருந்தார்னு தெரிஞ்சுது. அது எனக்குப் பெரிசாப் படல. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதே நாத்தம். ஆனா ரொம்ப நாளைக்கப்புறம் என்னோட நான் உட்கார முடிஞ்சுது.

நீ வருவியா? வாந்தி எடுக்க ஒரு வாளி தனியா வச்சிடறேன்.

தம்பி

ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பிள்ளைங்க எல்லாம் நல்லாயிருக்காங்க. நான் இல்லாத நாள்ல சமையற்காரி என் அறையில கோழி வளர்த்திருக்கா. அந்த நாத்தத்தைக் கழுவி முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. உன் வீட்டுக்கு வந்து பழகின மூக்கு, பரவாயில்லன்னு சொல்லிக்கிச்சு.

நேர்ல சொல்லாததை எழுதறேன். முதல் நாள் பையைப் பிரிச்சதும் வாளிக்குப் போனேன், நீ பார்த்தே. குளியலறைத் தரையில உட்கார்ந்திருந்தப்போ, "அவளை விட்டுடு, ஊருக்குப் போகட்டும்"னு நீ உன் பொண்டாட்டிகிட்ட சொன்னது கேட்டுச்சு. அவ, "அண்ணி வருவாங்க"ன்னா. அதுக்காகவே எழுந்து உன்கிட்ட திரும்பி வந்தேன்.

உன் வயித்து வாசல் சின்ன ரோஜாப்பூ மாதிரி இருக்கும்னு நர்ஸ் சொன்னதா நீ சொன்னே. அவங்க நல்ல மனசு. ரோஜா மாதிரி இல்ல, நாக்கு மாதிரி இருக்கு. யாரோ உன் வயித்துக்குள்ள இருந்து நாக்கை நீட்டற மாதிரி. வெந்நீர்ல துணியை நனைச்சுத் துடைச்சேன். இன்னொரு தடவை வாளிக்குப் போனேன். திரும்பி வந்து மீதியைத் துடைச்சேன். கர்த்தர் அருவருப்பை எடுத்துப் போடுவார்னு காத்துக்கிட்டிருந்தேன். எடுக்கல. கடைசி நாள் வரைக்கும் இருந்துச்சு. அது இருக்கிறப்பவே கை வேலை செஞ்சுது. எனக்குக் கிடைச்ச கிருபை அவ்வளவுதான். நான் மேடையில சொன்னதைவிட இது சின்னது. ஆனா இது என்னுது.

நீ கேட்கவே இல்ல, நான் ஜெபம் பண்ணினேனான்னு. பண்ணல. மூச்சை அடக்கிக்கிட்டிருந்தவளுக்கு ஜெபம் எங்கே வரும்? ஆனா அந்தக் காலத்துல கோயில்ல ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருந்தப்போ பக்கத்துல இருந்தவர், அங்கே வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்துலயும் இருந்தார். அது எனக்கு நிச்சயம்.

தலைவி வந்தாங்க. தம்பி வீட்டுல இருந்துட்டு வந்தியே, மேடையில சாட்சி சொல்றியான்னு கேட்டாங்க. நாறிச்சு, இருந்தேன், அவ்வளவுதான் சொல்ல இருக்குன்னேன். அது சாட்சி ஆகாதுன்னு போயிட்டாங்க.

உன் பொண்டாட்டி கைக்கட்டைப் பிரிச்சாச்சா? கையை வெந்நீர்ல வச்சு மடக்கச் சொல்லு.

அக்கா

செப்டம்பர் 25

அக்காவுக்கு,

கட்டு பிரிச்சாச்சு. கை கொஞ்சம் கோணலா இருக்கு, வேலை செய்யறா. கடையில திருகாணி போட ஒரு பொண்ணை வச்சிருக்கேன். கண் பரிசோதனை மட்டும் நான். இருட்டறைக்குள்ள போறதுக்கு முன்னாடியே வர்றவங்ககிட்ட எனக்கு வயித்துல பை இருக்கு, வாடை வரலாம்னு சொல்லிடறேன். பாதிப் பேர் வேற கடைக்குப் போறாங்க. மீதிப் பேர் உட்காரறாங்க. உட்கார்ந்தவங்க பொய் சொல்றதில்ல, எது தெளிவுன்னு சரியாச் சொல்றாங்க.

இப்போ சொல்ல வந்தது. போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்க. ஈரல்லயும் கட்டியோட புள்ளி இருக்கு. டாக்டர் என்னைப் பார்க்காம கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொன்னார். மறுபடி மருந்து ஏத்தணும், எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாதாம். என் வீட்டுக்காரி வெளியே பெஞ்சுல உட்கார்ந்து பக்கத்துல இருந்தவங்ககிட்ட பஸ் நேரம் கேட்டுக்கிட்டிருந்தா. அவளை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் சொன்னேன்.

பயமா இருக்கு. மறைக்கல. சாவுகூடப் பரவாயில்ல, அதுக்கு முன்னாடி இந்த உடம்பு இன்னும் என்னென்ன அசிங்கம் பண்ணப் போகுதோ, அதுதான். மருந்து ஏத்தினா வாய்க்குள்ள தோல் உரியும், எதைத் தின்னாலும் இரும்பு ருசி வரும், எல்லாம் எனக்குத் தெரியும்.

நேத்து மத்தியானம் கடையைச் சாத்திட்டு இருட்டறையில தனியா உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். பள்ளிக்கூடத்துல படிச்ச ஜெபம் ஒண்ணும் ஞாபகம் வரல. குணமாக்குங்கன்னும் கேட்கல, கேட்டா மைக் அம்மா குரல் வந்துடும். "ஆண்டவரே, இங்கே நாத்தம் அடிக்குது, உள்ள வாங்க"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. எதிர்ல நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த அறையில மூச்சை அடக்கிக்கிட்டு யாரும் உட்கார்ந்திருக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சுது. அழுதேன். நல்லாயிருந்துச்சு.

அடுத்த மாசம் மருந்து ஆரம்பிக்கிறாங்க. நீ வரணும். வர்றப்போ பழைய பருத்திச் சேலை இருந்தா கிழிச்சு எடுத்துட்டு வா. இங்கே துடைக்கிற துணி தீர்ந்துபோச்சு.

தம்பி